அடுப்பு எந்தப் பக்கம்

போன மாதம் மதகடிப்பட்டில் நமக்கு நடந்த மூன்று நாள் பயிற்சியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 'மாறிவரும் உலகுக்கான புதுமைக் கற்பித்தல்' என்று மேடைக்குப் பின்னால் துணி கட்டியிருந்தார்கள். ஏசி தாங்காமல் நாம் எல்லோரும் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எப்போது டீ வரும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். பயிற்சி கொடுத்த தம்பிக்கு நம் பிள்ளைகள் வயதுதான் இருக்கும். நல்ல பையன். "உங்க சின்ன வயசுல மறக்க முடியாத ஒரு பாடம் சொல்லுங்க மேடம், ரெண்டே நிமிஷம்" என்று மைக்கை ஒவ்வொருவரிடமாக நீட்டிக்கொண்டு வந்தார். என் முறை வந்தபோது வாய்ப்பாட்டைப் பாட்டாகப் படித்தோம் என்று எதையோ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் கை தட்டினீர்கள்.

அது பொய் இல்லை. ஆனால் நான் சொல்ல நினைத்தது வேறு. அது இரண்டு நிமிடத்துக்குள் அடங்காது. அதை முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீங்களும் என்னைப்போல இன்னும் ஒன்றரை வருடத்தில் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போகப்போகிறவர்கள். பொறுமையாகப் படிப்பீர்கள் என்ற தைரியம்தான்.

எங்கள் ஊர் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தின் ஓரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்து நிலம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்துக்குள் நாலு முறை பாண்டியும் தமிழ்நாடும் மாறி மாறி வரும். ஒரே வயலில் ஒரு வரப்பு இவர்களுடையது, அடுத்த வரப்பு அவர்களுடையது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடியது. வாய்க்காலுக்கு இந்தாண்டை பாண்டி, அந்தாண்டை தமிழ்நாடு. இதை ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. கிழக்கு எது, மேற்கு எது என்பதுபோல எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீடு வாய்க்காலுக்கு இந்தாண்டை. அதனால் நாங்கள் பாண்டிக்காரர்கள்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். பொங்கல் லீவு முடிந்து போனால் புதிதாக ஒரு டீச்சர் நின்றுகொண்டிருந்தார். வில்லியனூர் பக்கம் மாதா கோயில் உள்ள ஒரு ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். ஒல்லி. ரப்பர் செருப்பு. பேசும்போது அடிக்கடி கையிலிருந்த நோட்டைப் பார்த்துக்கொள்வார். பயிற்சிப் பள்ளியிலிருந்து நேராக எங்களிடம் வந்திருந்தார் என்பது இப்போது புரிகிறது.

முதல் நாள் உலகப் படத்தை ஆணியில் மாட்டினார். "நம்ம ஊர் எங்க இருக்கு? யாராவது வந்து காட்டுங்க" என்றார். ஒருவன் போய் டெல்லியைத் தொட்டான். இன்னொருத்தி கடலைத் தொட்டாள். நான் என் பங்குக்கு இலங்கையைத் தொட்டேன். டீச்சர் சிரிக்கவில்லை. நோட்டை ஒரு தரம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உலகம் மாறிக்கிட்டே இருக்கு. உங்க ஊர்லயே துபாய்க்குப் போனவங்க இருக்காங்க, பிரான்சுக்குப் போனவங்க இருக்காங்க. நீங்கள்லாம் எங்க போய் நிப்பீங்கன்னு எனக்குத் தெரியாது. எங்க போனாலும் நிக்கிற எடம் எதுன்னு அளந்து தெரிஞ்சிக்கணும். மொதல்ல இந்த ஊர அளப்போம்."

எங்களுக்கு அதில் ஒன்று மட்டும் புரிந்தது. இனி வெளியே போகலாம்.

அறுவடை முடிந்து வயலெல்லாம் காய்ந்து கிடந்த நேரம். அளப்பதற்கு அதைவிட்டால் வேறு நேரம் கிடையாது. அறுத்த தாள் காலில் குத்தும். வரப்பில் நண்டு வளை இருக்கும். கரும்பு வெட்டுகிற பக்கமிருந்து காய்ந்த சோகை எரிகிற வாசனை வரும். டீச்சருக்கு வரப்பில் நடக்கத் தெரியாது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டுபோல நடப்பார். நாங்கள் முதலில் சிரித்தோம், பிறகு இரண்டு பேர் கையைப் பிடித்து அழைத்துப் போனோம்.

அளப்பதற்கு ஒரு தேங்காய் நார்க் கயிறு. மீட்டருக்கு ஒரு முடிச்சு. பத்து முடிச்சுக்கு ஒரு சிவப்புத் துணி. அந்தத் துணி அம்மாவின் பழைய ரவிக்கையைக் கிழித்தது. கயிற்றின் ஒரு முனை என்னிடம். மறுமுனையைப் பிடித்தவன் என் பக்கத்தில் உட்காருகிற பையன். மாடு மேய்த்துவிட்டு நேராக வகுப்புக்கு வருவான். அவனை மறுமுனைக்காரன் என்றே இங்கே சொல்கிறேன். இன்றைக்கு அவன் பேரன் பேத்தி எடுத்துவிட்டான். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வான்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்து முன்வாசலை அளந்தோம். முப்பத்தொன்பது முடிச்சு. மறுநாள் பனி ஈரத்தில் காலையிலேயே திரும்ப அளந்தால் நாற்பது வந்தது. டீச்சர் மூன்று தரம் எண்ணினார். நோட்டைப் புரட்டினார். அதில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. மறுமுனைக்காரன் மெதுவாகச் சொன்னான்: "கயிறு நனஞ்சா சுருங்கும் டீச்சர். மழ பேஞ்சா எங்க மாட்டுக் கயிறு கழுத்த இறுக்கும். அவுத்து வுடலன்னா செத்தே பூடும்."

"இது எனக்குத் தெரியாதுடா" என்று சொல்லி டீச்சர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். ஒரு வாத்தியார் தெரியாது என்று சொல்லி நாங்கள் அதுவரை கேட்டதில்லை. அன்றிலிருந்து வெயில் ஏறி கயிறு காய்ந்த பிறகுதான் அளந்தோம்.

பள்ளியில் ஓர் அறை காலியாகக் கிடந்தது. அதன் சிமெண்டுத் தரையில் எங்கள் ஊர் கொஞ்சம் கொஞ்சமாக வந்து உட்கார்ந்தது. வெளியே பத்து மீட்டர் என்றால் தரையில் நாலு விரல் அகலம். ரோட்டுக்குச் செங்கல் பொடி. ஏரிக்குச் சலவை நீலம். வாய்க்காலுக்கு அடுப்புக்கரி. வீடுகளுக்குச் சுண்ணாம்பு. ஒவ்வொருவரும் தன் வீட்டைத் தானே அளந்து தானே வரைய வேண்டும் என்பது சட்டம். எங்கள் வீட்டை நான்தான் வரைந்தேன். முன்னால் கூடம், பின்னால் வாய்க்காலைப் பார்த்து இறக்கின சின்ன அடுப்படி. சுண்ணாம்பு விரல் இடுக்கில் புகுந்து எரிந்தது இன்னும் நினைவிருக்கிறது.

இது நடக்கும்போதே இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. நகரத்தில் இருந்த ஒரு விடுதிப் பள்ளியில், கொம்யூனுக்கு ஒரு பெண் பிள்ளை என்று ஆறாம் வகுப்புக்கு இடம் ஒதுக்கித் தேர்வு வைத்திருந்தார்கள். எங்கள் கொம்யூனில் அந்த இடம் எனக்கு வந்தது. அதன் அருமை உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊரில் ஐந்துக்கு மேல் வகுப்பு கிடையாது. அடுத்த ஊர்ப் பள்ளிக்கு வயல் நடுவே நடந்து போக வேண்டும். பெண் பிள்ளையைத் தனியாக அனுப்ப மாட்டார்கள். என் அக்கா என்னைவிட நன்றாகப் படித்தவள். ஐந்தோடு நின்று நடவுக்குப் போய்விட்டாள். அந்த இடம் கிடைக்காவிட்டால் எனக்கும் அதேதான். இதில் ஒளிவுமறைவே கிடையாது, வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரே ஒரு காகிதம் பாக்கி. நாங்கள் கொம்யூன் எல்லைக்குள் குடியிருக்கிறோம் என்று வருவாய் ஆய்வாளர் நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அப்பா டீக்கடையில் ஒரு ஆள் விடாமல் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த வாரம் திங்கட்கிழமை டீச்சர் தரைப் படத்தைப் பார்த்து, "எல்லாம் இருக்கு, எல்லைக்கோடு மட்டும் இல்ல" என்றார். "வாய்க்கால்தான் எல்லை டீச்சர்" என்று முப்பது பேரும் ஒரே குரலில் சொன்னோம். அவர் தலைமையாசிரியரிடம் கேட்டு, பீரோவிலிருந்து பழைய கிராமப் படம் ஒன்றை வாங்கி வந்தார். பிரெஞ்சுக்காரன் காலத்துக் காகிதம், தொட்டால் உதிரும்போல இருந்தது. அதில் எல்லை வாய்க்காலில் போகவில்லை. இரண்டு கல்லுக்கு நடுவே நேராகப் போனது.

இரண்டு கல்லும் எங்களுக்குத் தெரிந்தவைதான். ஒன்று ரோட்டோரம் பனை மரத்தடியில் இருந்தது. அதில் கருக்கரிவாள் தீட்டுவார்கள். இன்னொன்று ஏரிக்கரை மேல். இரண்டும் எல்லைக்கல் என்று எங்களுக்குத் தெரியும். வாய்க்கால்தான் எல்லை என்பதும் தெரியும். வாய்க்கால் வளைந்து போகிறது, கல்லுக்குக் கல் கோடு போட்டால் நேராக வரும், இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. ஏதோ ஒரு வெள்ளத்தில் பழைய வாய்க்கால் உடைந்து, கொஞ்சம் தள்ளிப் புதிதாக வெட்டினார்கள் என்பது அப்புறம் தெரிந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை டீச்சர் மூன்று மூங்கில் கழி கொண்டுவரச் சொன்னார். பனை மரத்துக் கல்லருகே நின்று, ஏரிக்கரைக் கல்லில் நட்ட கழியைப் பார்க்க வேண்டும். நடுவில் ஒருவன் மூன்றாவது கழியோடு நிற்க வேண்டும். மூன்றும் ஒன்றுக்குப் பின் ஒன்று மறைந்தால் அந்த இடத்தில் எல்லை போகிறது. என் கண்ணுக்குக் குறி நன்றாகத் தெரியும் என்று என்னைப் பார்க்க வைத்தார். மறுமுனைக்காரன் நடுக் கழியோடு ஓடினான். வீடுகள் மறைத்ததால் எங்கள் வீட்டையொட்டி இருந்த வைக்கோல் போரில் ஏறினான். கழி நுனியில் சிவப்புத் துணி ஆடியது.

"இந்தாண்ட வா. இன்னும். இன்னும் கொஞ்சம்" என்று கத்தினேன். மூன்று கழியும் மறைந்தன. அவன் நின்ற இடத்தைப் பார்த்தேன். அவனுக்கு இந்தாண்டை எங்கள் கூடத்துச் சுவர். அந்தாண்டை எங்கள் அடுப்படிக் கூரை, அதிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அம்மா சமைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பத்து வயதுதான், ஆனால் வெள்ளிக்கிழமை யார் வருகிறார் என்பது தெரியும்.

"அந்தாண்ட போடா" என்றேன். அவன் நகர்ந்தான். "இன்னும் போ." போரின் விளிம்புக்கே போய்விட்டான். "சரியா?" என்றான். "சரி" என்றேன். அவன் திரும்பி எங்கள் அடுப்படியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இறங்கி, நான் சொன்ன இடத்தில் அடையாளத்துக்குக் குச்சி நட்டான்.

சாயங்காலம் தரையில் கோடு போட உட்கார்ந்தோம். டீச்சர் ஒரு நூலில் கரியைத் தடவி, ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட்டார். கோடு நேராக விழுந்தது. எங்கள் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே விழுந்தது. நாங்கள் நட்ட குச்சியின் அடையாளம் கோட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி, வாய்க்கால் பக்கம் தனியாக நின்றது.

"இது ஏன் தள்ளி இருக்கு?" என்றார் டீச்சர்.

"நான்தான் டீச்சர். போர்ல காலு வழுக்கிடுச்சி" என்றான் மறுமுனைக்காரன். கூசாமல் சொன்னான்.

"பரவால்ல. நாளைக்கி வேற ஒருத்தர் போய்ப் பாருங்க."

அவனை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாடு மேய்க்கிறவன் என்று ஏற்கெனவே அவனைக் கேலி செய்வார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. "வேணாம் டீச்சர். நான்தான் மாத்திச் சொன்னன். கோடு சரியாத்தான் இருக்கு. எங்க அடுப்படி தமிழ்நாட்டுல இருக்கு" என்று சொல்லிவிட்டு அழுதேன். சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வந்தார்.

அவர் தரையைப் பார்த்தார். பிறகு, "அத அழிச்சிடுங்க டீச்சர். வாய்க்கா மேல போடுங்க. ஊரே அப்பிடித்தான் சொல்லுது" என்றார்.

"அளந்தது இங்க வருது சார்."

"அளந்தது இருக்கட்டும். வெள்ளிக்கிழம ஆளு வராரு. இவ எங்க போவா?"

அன்றைக்கு அவரை நான் கோழை என்று நினைத்தேன். டீச்சர்தான் வீரர். வெகுகாலம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன், பல பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். இப்போது தலைமையாசிரியராக இருந்து பார்த்த பிறகு வேறு மாதிரித் தெரிகிறது. அந்த அறையில் அப்போது கோட்டைப் பற்றி நினைத்தவர் டீச்சர். என்னைப் பற்றி நினைத்தவர் அந்த மனிதர் ஒருவர்தான். அவரிடம் இதைச் சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. அப்பா கரும்பு வெட்டுகிற கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார். "படிக்க அனுப்புனா வூட்டையே ரெண்டாப் பொளந்துட்டு வந்து நிக்கிது. எவளோ பஸ்ஸு ஏறி வந்து கயிறு புடிச்சா, நீ போயி குறி பாத்துக் குடுக்கிறியா? உன் வாழ்க்கைய நீயே அளந்து வெட்டிக்கினியே பாப்பா." அக்கா எனக்குச் சோறு போட்டாள். யாரும் சாப்பிடவில்லை.

புதன்கிழமை காலை அப்பா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். அம்மாவும் பின்னாலேயே வந்தாள். கையெழுத்துப் போடக்கூட அவள் பள்ளிக்கு வந்ததில்லை, கைநாட்டுதான். அப்பா டீச்சரைப் பார்த்துச் சத்தம் போட்டார். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. நோட்டை மூடி வைத்துவிட்டு, "அழிச்சிடறேங்க. என்னால ஒரு பொண்ணு படிப்பு போவ வேணாம்" என்றார். ஈரத் துணியை என் கையில் கொடுத்தார். நான் மண்டிபோட்டு உட்கார்ந்தேன்.

அம்மா வாசற்படியிலேயே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் அவள் பார்த்த முதல் வரைபடம் அது. பெருவிரலை ஊன்றி, எதையும் மிதிக்காமல் உள்ளே வந்தாள். "இது ஏரி. இது கோயிலு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்து எங்கள் வீட்டருகே குந்தினாள்.

"இது கூடமா?"

"ஆமாம்மா."

"இது அடுப்படியா?"

"ம்."

"இந்தாண்ட பாண்டி, அந்தாண்ட அவங்களுதா?"

"ஆமாம்மா."

என் கையிலிருந்த துணியை வாங்கினாள். "கோட்ட இன்னாத்துக்குடி அழிக்கிற? அடுப்பத் தூக்கி இந்தாண்ட வச்சிட்டாப் போச்சி."

அம்மா தலைமையாசிரியரைப் பார்த்துத் தொடர்ந்தாள். "இவ சித்தப்பா தனியாப் போனப்ப ஒரே வூட்லதாங்க இருந்தாரு. கணக்கெடுக்க வந்தவரு, ரெண்டு அடுப்பு எரியிது, அப்ப ரெண்டு குடும்பம்னு எழுதினு போனாரு. ரேசன் கார்டும் ரெண்டா வந்திச்சி. சர்க்காருக்கு அடுப்புதாங்க வூடு. செவுரு எங்க இருந்தா இன்னா?"

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது சரிதான்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம், "சரிதான்" என்றார். டீச்சர் நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை எங்கள் வீட்டில் நடந்ததை வேலை என்று சொல்வதா, விசேஷம் என்று சொல்வதா தெரியவில்லை. அம்மா பழைய அடுப்பை உடைத்தாள். உடைப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் அதன் மேல் கை வைத்திருந்தாள். அப்பா முறைத்துக்கொண்டேதான் ஏரி மண் கொண்டுவந்து கொட்டினார். மண்ணை மிதித்தது அக்கா. சாணியும் உமியும் கலந்து, முழங்கால்வரை மண்ணாக நின்று மிதித்தாள். நான் இறங்கப்போனேன். "நீ போய்ப் படி. இத நான் பாத்துக்கிறன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றுவரை அது எனக்கு வலிக்கிறது. எனக்குக் கிடைத்தது அவளுக்குக் கிடைக்கவில்லை. அந்த அடுப்பு அவள் காலால் மிதித்த மண்.

கூடத்தில் வாசலையொட்டிய மூலையில் அடுப்பு வந்தது. காய நேரமில்லை. ஈரத்தோடு சுள்ளி வைத்துப் பற்றவைத்தாள் அம்மா. புகை கூடம் முழுக்க நிரம்பி எல்லோரும் இருமினோம். பால் காய்ச்சி ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தாள். அப்பாவும் குடித்தார்.

வெள்ளிக்கிழமை வருவாய் ஆய்வாளர் மொபெட்டில் முதலில் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கனமான ஆள். தோள் பையை இறக்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார். தலைமையாசிரியர் சோடா வாங்கிக் கொடுத்து, படம் இருந்த அறைக் கதவைச் சாத்தி வைத்திருந்தார். ஆனால் ஊரில் மூன்று நாளாக அதே பேச்சு. வரும் வழியில் டீக்கடையிலேயே அவருக்குச் சொல்லிவிட்டார்கள். "பசங்க ஏதோ ஊரையே வரைஞ்சிருக்காங்களாமே, காட்டுங்க" என்றார்.

அறையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "உன் வூடு எது?"

காட்டினேன்.

"கோடு வூட்டு மேல போவுதே. யார் போட்டது?"

"நாங்க அளந்து போட்டது சார்."

"ஊர்ல வாய்க்கால்னு சொல்றாங்க?"

"அவங்க அளக்கல சார்."

"அப்ப நீ எந்தப் பக்கம்?"

டீச்சர் சுவரோரம் நின்றிருந்தார். தலைமையாசிரியர் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். மறுமுனைக்காரன் ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். நான் சொன்னேன்: "அடுப்பு இந்தப் பக்கம் சார்."

"வா, காட்டு" என்று அவர் கிளம்பினார்.

கூடத்து மூலையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சுவரில் புகை படிந்த கறுப்பு இல்லை. அவர் குனிந்து அடுப்பின் பக்கத்தை விரலால் தொட்டார். ஈர மண்ணில் விரல் பதிந்தது. அப்பாவுக்கு வேர்த்துவிட்டது.

"எப்பப் போட்டது?"

"அது வந்துங்கய்யா, கொஞ்ச நாளா" என்று அப்பா ஆரம்பித்தார்.

"நேத்துங்க" என்றாள் அம்மா.

அப்பா அவளைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

"முன்ன எங்க இருந்தது?"

"பின்னாலங்க. அந்தாண்டப் பக்கம். பாப்பா அளந்து சொன்ன பெறகுதாங்க எங்களுக்கே தெரிஞ்சிது. தெரிஞ்சதும் இந்தாண்ட வந்துட்டோம். இனிமே இங்கதான்."

அவர் விரலில் ஒட்டின மண்ணைத் தேய்த்துக்கொண்டே நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அந்தப் பரீட்சையைவிட அது நீளமாக இருந்தது. பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, "டீ இருக்காம்மா?" என்றார். அம்மா போட்டுக் கொடுத்தாள். பச்சை மண் வாசனை அடித்திருக்கும். மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் பையைத் திறந்து எழுதினார். சான்றிதழைத் தலைமையாசிரியர்தான் எங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். 'மேற்படி குடும்பம் கொம்யூன் எல்லைக்குள் சமைத்து உண்டு வசித்து வருவதை நேரில் பார்த்தேன்' என்று இருந்தது.

அக்கா உள்ளே போய் அழுதாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். விடுதிக்குப் போனேன், படித்தேன், உங்களோடு வந்து வேலையில் சேர்ந்தேன். டீச்சர் அடுத்த வருடமே மாற்றலாகிப் போய்விட்டார். கோடை விடுமுறையில் அந்த அறைத் தரையைக் கழுவிவிட்டார்கள். கயிற்றை மறுமுனைக்காரன் கன்றுக்குட்டி கட்ட எடுத்துக்கொண்டான். ஒரு முறை லீவுக்கு வந்தபோது, அதன் கழுத்தில் அம்மாவின் ரவிக்கைத் துணி ஒன்று இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. சான்றிதழ் விடுதிப் பள்ளியோடு போனது. நகல் எடுத்துவைக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்.

நேர்முகத் தேர்வுகளில், மேடைகளில், எங்கே கேட்டாலும் எனக்கு அளக்கச் சொல்லிக்கொடுத்த டீச்சரைத்தான் சொல்லியிருக்கிறேன். சொல்ல வேண்டியதுதான், அவர் இல்லாமல் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பாடத்தைப் படித்துத் தேறியவர் யார் என்று யோசித்தால் நானும் இல்லை, டீச்சரும் இல்லை. எங்கள் எல்லோருக்கும் இரண்டு வழிதான் தெரிந்தது. கோட்டை வைத்துக்கொண்டு படிப்பை விடுவது, இல்லாவிட்டால் கோட்டை அழிப்பது. தரையில் குந்திப் பார்த்து, கோடும் இருக்கட்டும், பெண்ணும் படிக்கட்டும் என்று மூன்றாவதாக ஒன்றைக் கண்டது அம்மா. இதைத்தான் அந்தத் தம்பியின் மைக்கில் சொல்லியிருக்க வேண்டும்.

அம்மா இருக்கிறாள். பழைய வீடு போய், அக்கா மகன் தளம் போட்ட மெத்தை வீடு கட்டிவிட்டான். என்ஜினீயர் சமையலறையைப் பின்னால்தான் போட்டிருந்தார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கேஸ் அடுப்பு வாசலையொட்டி முன்னால்தான் இருக்கிறது. வருகிறவர்கள் தாளிப்பு நெடியில் தும்மிக்கொண்டேதான் உள்ளே வருவார்கள். யாராவது காரணம் கேட்டால், "எம்பொண்ணு படிப்பு அதுல இருக்குது" என்று மட்டும் சொல்லுவாள்.

பயிற்சி முடிந்த மறுநாள் ஊருக்குப் போனேன். அந்தத் தம்பி நமக்குச் சொல்லிக்கொடுத்தபடி போனில் வரைபடத்தைத் திறந்து, எங்கள் வீட்டைப் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினேன். நீலப் புள்ளி எங்கள் கூரை மேல் இருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இது ஏரி" என்றாள். "கோடு எங்க?" என்றாள்.

எல்லையைப் புள்ளிப் புள்ளியாகப் போட்டிருந்தார்கள். அது எங்கள் வீட்டைத் தாண்டி, வாய்க்காலோடு வளைந்து வளைந்து போயிற்று.

"போன்ல வாய்க்கால்தான் எல்லைன்னு போட்டிருக்காங்கம்மா. அடுப்ப இனிமே பின்னால வச்சிக்கலாம்" என்றேன், சும்மா சீண்டுவதற்காக.

அம்மா போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுப்பில் இருந்ததைக் கிளறப் போனாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அவன் வந்து கயிறு புடிச்சிப் பாத்தானா?"